விடு என்று சொல்லும்வரை

திங்கட்கிழமைகளில் பந்தயத் தடத்தில் ஈ காக்கா இருக்காது. ஞாயிறு சாயங்காலம் வரைக்கும் காதைப் பிய்க்கிற இடம், மறுநாள் பள்ளிக்கூடம் விட்ட மைதானம் போலக் கிடக்கும். எனக்கு அது பிடிக்கும். ஆள் இருந்தால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். மெக்கானிக்குக்கு யோசனை சொல்லாதவன் இந்த உலகத்தில் இன்னும் பிறக்கவில்லை.

பகல் பன்னிரண்டு மணி இருக்கும். வெளி வண்டிகளை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் ஸ்கூட்டரை வாசல் கேட்டருகே கொட்டகையில் நிறுத்திவிட்டு, கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டேன். வாட்ச்மேன் சாவியைக் கையில் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"ஒம்பதாம் நம்பர் ஷெட்டா?"

"ஒம்பதுதான்."

"ஒம்பதேதானா?"

"ஏன், பத்துன்னு சொன்னா வண்டி அங்க வந்துடுமா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஷட்டரை முழுசா மேல ஏத்தி வச்சுட்டு வேலை பாருங்க" என்று மட்டும் சொன்னார். வெக்கைக்காகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

பன்னிரண்டு சிமெண்ட் அறைகள் ஒரே வரிசையில். ஒவ்வொன்றுக்கும் ஓர் இரும்பு ஷட்டர். ஒன்பதாவதைத் தூக்கியதும் உள்ளே அடைபட்டிருந்த காற்று முகத்தில் வந்து மோதியது. பழைய டயர், பெட்ரோல், அதற்கடியில் மங்கலாகப் புகை வாசனை. ஸ்டாண்டில் ஏற்றி நிறுத்திய பந்தய மோட்டார் சைக்கிள், ஒரு மேஜை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. மூலையில் தரையில் நான்கு போல்ட் துளைகள். அதை ஒட்டிய சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கரி. ஏதோ இயந்திரம் அங்கே இருந்து, பிடுங்கி எடுத்திருக்கிறார்கள்.

வண்டிக்காரர் ஒரு பல் டாக்டர். வாரம் முழுக்க அடுத்தவர் வாயைப் பார்த்துக் கழித்துவிட்டு, லீவு நாளில் இங்கே வந்து இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிற மனுஷர். போனில் என்னிடம் புலம்பியிருந்தார்.

"பிரேக் லிவரை அமுக்கினா பஞ்சு மாதிரி உள்ள போகுதுங்க. மூணு பேர்கிட்ட காட்டிட்டேன். அவங்க பட்டறைல கல்லு மாதிரி இருக்கு. கொண்டு வந்து ஷெட்ல வச்சா மறுநாள் காலைல திரும்பவும் பஞ்சு."

"பல்லுன்னா புடுங்கிப் போட்டுடலாம் டாக்டர். பிரேக்கை அப்படிப் பண்ண முடியாதே."

அவர் சிரித்தார். பிறகு குரல் இறங்கியது. "செவ்வாய்க்கிழமை காலைல ஓட்டறேன். நம்பி ஏறலாமா?"

"நான் கை வச்சா நம்பி ஏறலாம்" என்றேன். இந்த வாய் இருக்கிறதே, அது எப்போதும் கைக்கு முன்னால் போய் நிற்கும்.

இந்தத் தடத்தின் நீளமான நேர்ப்பாதை ஒரு சடாரென்ற வலது வளைவில் முடிகிறது. வளைவுக்கு அப்பால் டயர் அடுக்கு. அதற்கு அப்பால் சுவர். அங்கே லிவரை இழுக்கும்போது பிரேக் பிடிக்கவில்லையென்றால் இரண்டாவது முறை இழுக்க நேரம் கிடையாது. பெட்ரோல் டேங்கின் மேல் ஒரு வெள்ளை டேப் ஒட்டியிருந்தது. அதில் மெழுகு பென்சிலால், கோணல்மாணலாக, "அப்பா மெதுவா போ" என்று எழுதியிருந்தது. ஐந்து ஆறு வயசுக் கை. அதைப் பார்த்ததும் போனில் அடித்த பெருமை எனக்கே கொஞ்சம் உறுத்தியது.

லிவரை அமுக்கிப் பார்த்தேன். நனைந்த பஞ்சை அமுக்குவது போல, எந்த எதிர்ப்பும் இல்லாமல் கைப்பிடி வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

விஷயம் சின்னதுதான். லிவரை அமுக்கினால் குழாய்க்குள் இருக்கும் பிரேக் ஆயில் தள்ளப்பட்டு, கீழே சக்கரத்தருகே இருக்கும் காலிப்பர் டிஸ்க்கைக் கவ்வும். ஆயில் சுருங்காது. ஆனால் ஆயிலோடு காற்று கலந்துவிட்டால், அமுக்குகிற பலத்தையெல்லாம் காற்றே சுருங்கித் தின்றுவிடும். காற்றை வெளியே எடுக்கவேண்டும். அவ்வளவுதான் வேலை.

அதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் மேலே லிவரில். இன்னொருவர் கீழே, காலிப்பரில் மூக்கு போல நீட்டிக்கொண்டிருக்கும் நிப்பிளில் ஸ்பானரோடு. கீழே இருப்பவர் "அமுக்கு" என்றால் மேலே இருப்பவர் நாலைந்து முறை அமுக்கவேண்டும். "பிடி" என்றால் அமுக்கியபடியே பிடித்துக்கொள்ளவேண்டும். நிப்பிளைத் திறந்ததும் காற்றும் ஆயிலும் டியூப் வழியாக வெளியே ஒரு புட்டிக்குள் வரும். நிப்பிளை மூடிவிட்டு "விடு" என்று சொன்ன பிறகுதான் கையை எடுக்கலாம். சொல்வதற்கு முன்னால் எடுத்தால் வெளியே போன காற்று அப்படியே உள்ளே திரும்பிவிடும். உயிரே போனாலும் "விடு" என்று காதில் விழாமல் விடக்கூடாது. எங்கள் தொழிலில் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

இருபத்தாறு வருஷம் எனக்காக மேலே லிவரில் இருந்தவள் என் மனைவி. வலது கை லிவரில், இடது கையில் வாரப் பத்திரிகை. தொடர்கதையிலிருந்து கண்ணை எடுக்காமலே அமுக்குவாள். நான் "பிடி" என்றால் "ம்" என்பாள். அந்த "ம்" வந்தால்தான் எனக்கு ஸ்பானர் திரும்பும். "உங்க பிரேக்குல காத்து எடுக்கறதுக்குள்ள எனக்கு உசிரு போயிடும்" என்று அலுத்துக்கொள்வாள். வேலை முடிந்ததும் சலவைத் தூளை அள்ளிக் கையில் தேய்த்துக் கழுவுவாள். ராத்திரி சாப்பாடு போடும்போதும் அவள் விரலில் சலவைத் தூள் வாசனை இருக்கும்.

அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது என் துணை ஒரு பெரிய பிளாஸ்டிக் ஊசி. அதை நிப்பிளில் மாட்டி ஆயிலை உறிஞ்சி எடுப்பேன். வேலை நடக்கும். ஆனால் அது "ம்" என்று சொல்லாது.

ஒன்றரை மணிக்கெல்லாம் முடித்துவிட்டேன். லிவர் கல். பத்து முறை அமுக்கினேன், பத்து முறையும் கல். குழாயில் கை கழுவிவிட்டு வந்து, கிளம்புவதற்கு முன் ஒரு தடவை என்று அமுக்கினேன்.

பஞ்சு.

திட்டிக்கொண்டே மறுபடி உட்கார்ந்தேன். குழாய் இணைப்புகள் ஒவ்வொன்றையும் துணியால் துடைத்துப் பார்த்தேன். ஒரு சொட்டுக் கசிவு இல்லை. ரப்பர் சீல் புதுசு, லிவரடியில் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரும் புதுசு. மறுபடி ஊசியைப் போட்டுக் காற்றை எடுத்தேன். கல்லானது. நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை எடுக்காமல் லிவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தேன்.

பஞ்சு.

மணி இரண்டே முக்கால். வெளியே வெயில் மங்கி, தடத்தின் மேல் மேகம் இறங்கியிருந்தது. தலை லேசாக வலித்தது. புகை வாசனை கொஞ்சம் கூடியிருப்பது போலத் தோன்றியது. நான் மூன்றாவது முறையாகச் சக்கரத்தின் ஓரத்தில் குத்துக்காலிட்டு, டியூபை மாட்டி, ஸ்பானரை நிப்பிளில் வைத்தேன். அங்கே உட்கார்ந்தால் வண்டியின் முன்மூடி மறைத்துவிடும், மேலே லிவர் தெரியாது. ஊசி திரும்பப் பெட்டிக்குள் போயிருந்தது. எடுக்க மறந்திருந்தேன். இருபத்தாறு வருஷப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அமுக்கு."

மேலே லிவர் கிறீச்சிட்டது.

ஒரு முறை. இரண்டு முறை. மூன்று. நான்கு.

என் கைக்குப் பக்கத்தில் பிரேக் குழாய் துடித்தது.

மழையின் முதல் துளிகள் தகரக் கூரையில் விழுந்தன. மெதுவாகத் தலையைத் தூக்கி, முன்மூடிக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.

யாருமில்லை. நாற்காலி காலி. லிவர் அதன் இடத்தில் இருந்தது.

எழுந்து ஓடியிருக்கவேண்டும். எனக்கும் அது தெரியும். ஆனால் நான் மறுபடி கீழே உட்கார்ந்தேன். குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

"பிடி."

லிவர் ஒரே சீராக உள்ளே போகும் சத்தம் கேட்டது. நிப்பிளைத் திறந்தேன். டியூபில் வெள்ளை வெள்ளையாகக் குமிழ்கள் ஓடின. மூடினேன்.

"விடு."

டிக்கென்று லிவர் திரும்பியது.

பயம் இல்லை என்று சொன்னால் பொய். உள்ளங்கை வேர்த்து ஸ்பானர் வழுக்கியது. ஆனால் பயத்தைவிடப் பெரிதாக ஒன்று நெஞ்சை அடைத்தது. இரண்டு வருஷமாக என் சக்கரத்துக்கு அந்தப் பக்கம் யாருமே இல்லை. வீட்டில் ஒரு டம்ளரை எங்கே வைத்தாலும் மறுநாள் அது அங்கேயேதான் இருக்கும். இப்போது நான் சொன்ன சொல்லுக்கு ஒரு கை பதில் சொல்கிறது. எனக்கு அழுகை வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோஷமாகவும் இருந்தது.

"நீயாம்மா?" என்றேன்.

மழை வலுத்தது.

அதன் பிறகு எத்தனை சுற்று போனது என்று தெரியாது. அமுக்கு, பிடி, விடு. நான் பேசிக்கொண்டே இருந்தேன். மாடி வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டாரை நிறுத்த மறந்து படியெல்லாம் வெள்ளமானதைச் சொன்னேன். அவள் தைத்துப் பாதியில் வைத்த தலையணை உறையை நான் முடிக்கப் பார்த்து, என் சட்டையோடு சேர்த்துத் தைத்துவிட்டதைச் சொன்னேன். அதற்கு அவள் சிரித்திருப்பாள். மேலே இருந்த கை சிரிக்கவில்லை. நான் சொன்னதை மட்டும், சொன்னபடி, கொஞ்சமும் தவறாமல் செய்தது. அவள் இவ்வளவு கீழ்ப்படிந்து நடந்ததே கிடையாது. அப்போதே எனக்கு உறைத்திருக்கவேண்டும்.

குமிழ்களும் நிற்கவில்லை. அவ்வளவு சின்னக் குழாயில் அவ்வளவு காற்று இருக்க வழியே இல்லை. ஆனாலும் வந்துகொண்டே இருந்தது. ஒரு பாட்டில் ஆயில் தீர்ந்துபோனது. இன்னொன்று ஸ்கூட்டர் பெட்டியில், கேட்டருகே இருந்தது. நிப்பிளை மூடி, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு எழுந்தேன். பெண்டாட்டியிடம் சொல்வது போல இயல்பாகச் சொன்னேன்.

"பிடிச்சுக்கோ, விட்டுடாதே. இதோ வந்துட்டேன்."

மழையில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினேன். வாட்ச்மேன் தன் அறையிலிருந்து பார்த்து, கையைப் பிடித்து இழுக்காத குறையாக உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"யாருகூடப் பேசிட்டிருந்தீங்க? ரவுண்டு வந்தப்ப சத்தம் கேட்டுச்சு."

"தனியாத்தான். தனியா இருக்கறவனுக்கு வாய்தானே துணை" என்று மழுப்பினேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். "உள்ள புகை வாசனை வந்துச்சா?"

நான் தலையை ஆட்டினேன். அவர் சொன்னார்.

டாக்டருக்கு முன்னால் இந்த வண்டியும் அந்த ஷெட்டும் ஒரு பையனிடம் இருந்தன. அவனுக்கு ஓர் அண்ணன், பஸ் டிரைவர். மோட்டார் சைக்கிளைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தம்பி ஆசைப்படுகிறானே என்று லீவு நாளில் கூட வருவார், சொன்னதைச் செய்வார். அன்றைக்கும் இதே மாதிரி மழை, பகல்தான். கரண்ட் இல்லை என்று மூலையில் ஜெனரேட்டர் ஓடியது. தம்பி கீழே, அண்ணன் லிவரில். பாதி வேலையில் ஆயில் தீர்ந்துவிட்டது.

"'பிடிச்சுக்கண்ணா, விட்டுடாதே, இதோ வந்துட்டேன்'னு சொல்லிட்டு இங்கதான் ஓடி வந்தான். சாரல் அடிக்குதுன்னு ஷட்டரை இறக்கிட்டு வந்திருக்கான். வந்த இடத்துல கூட்டாளிங்க பிடிச்சுக்கிட்டாங்க, யாரோ செல்போன்ல ரேஸ் காட்டினாங்க. ஒண்ணரை மணி நேரம்."

"அவரு கதவைத் தொறந்துட்டு வெளிய வந்திருக்கலாமே?"

"வந்திருக்கலாம். தலை சுத்தியிருக்கும், புகை அடைச்சிருக்கும். ஆனா தம்பி விடாதேன்னு சொல்லிட்டுப் போயிட்டானே." அவர் தன் வலது கையை இறுக மூடிக் காட்டினார். "நாங்க போய்ப் பாக்கறப்ப உசிரில்ல. வண்டி மேலயே சாஞ்சிருந்தாரு. விரலு லிவரைப் பிடிச்சபடியே இருந்துச்சு. ஒண்ணொண்ணா பிரிச்சு எடுத்தோம்."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நான் ஷெட்டை விட்டு வந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

ஷெட்டில் சொல்லிவிட்டு வந்த அந்தச் சொல்லை நான் அதற்கு முன்னால் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறேன். ஆஸ்பத்திரி வார்டில். அவள் என் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். பட்டறையில் ஒரு வண்டி பாதியில் நின்றது, பிரேக் வேலை. "பிடிச்சுக்கோ, தைரியமா இரு, இதோ வந்துட்டேன்" என்று சொல்லி, என் விரலுக்குப் பதிலாகப் போர்வை முனையை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனேன். முதல் தடவையாகத் தனியாகக் காற்று எடுத்தேன், அதனால் ரொம்ப நேரமாகிவிட்டது. திரும்பி வந்தபோது கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தார்கள். "ரெண்டு தடவை கேட்டாங்க, வந்துட்டாரான்னு" என்றாள் நர்ஸ். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஆயில் பாட்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"எங்க போறீங்க? நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார் வாட்ச்மேன்.

"விடிஞ்சா டாக்டர் ஏறிடுவாரு."

ஷட்டரை நான் முழுசாகத் தூக்கி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

அது இறங்கியிருந்தது.

தரைக்கும் இரும்புக்கும் நடுவே இருந்த ஒரு விரல் இடைவெளியில் புகை நெடி வந்துகொண்டிருந்தது. உள்ளே இயந்திரம் எதுவும் இல்லை. இருந்தாலும் காலடியில் தரை மெல்ல அதிர்ந்தது.

தூக்கினேன். பாதிக்கு மேல் வரவில்லை. குனிந்து நுழைந்தேன்.

லிவர் கைப்பிடியோடு ஒட்டியிருந்தது.

அது நடுங்கிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் பாரத்தைப் பிடித்து ஓய்ந்துபோன கை நடுங்குமே, அந்த நடுக்கம்.

"விடு" என்றேன்.

விடவில்லை.

"விடு! விடுன்னு சொல்றேன்ல!"

நடுக்கம் அதிகமானது. பிடி தளரவில்லை. எனக்குக் கண் இருட்டியது, சுவரைப் பிடித்துக்கொண்டேன். ஷட்டர் எனக்குப் பின்னால் ஓர் அடி இறங்கியது. நான் வெளியே உருண்டிருக்கலாம், இடம் இருந்தது. டேங்க் மேல் இருந்த வெள்ளை டேப் கண்ணில் பட்டது. இந்த வேலை அன்றைக்குப் பாதியில் நின்றிருக்கிறது. யார் எத்தனை முறை முடித்தாலும் இந்த ஷெட்டுக்குள் அது அந்தப் பாதிக்கே திரும்பி வந்து நிற்கிறது. நாளைக்கு நேர்ப்பாதையின் முடிவிலும் அங்கேதான் நிற்கும்.

நான் வண்டிக்குக் கீழே என் இடத்தில் போய் உட்கார்ந்தேன். அதட்டினால் நடக்காது என்று புரிந்தது. வயதில் மூத்தவர், காத்திருப்பவர். தாமதமாக வந்தவன் எப்படிப் பேசவேண்டுமோ அப்படிப் பேசினேன்.

"அண்ணே, வந்துட்டேன். ஆயில் கொண்டு வந்துட்டேன். நேரமாயிடுச்சு, மன்னிச்சுக்கங்கண்ணே."

மேலே நடுக்கம் ஒரு கணம் நின்றது.

நிப்பிளைத் திறந்தேன். குமிழ்கள் வந்தன, கறுப்பாக, ஆயில் நிறமே இல்லாமல். மூடினேன்.

"இப்ப விடுங்கண்ணே."

டிக்.

மேலே மாஸ்டர் சிலிண்டரின் கிண்ணத்தில் புது ஆயிலை ஊற்றினேன். என் கைக்கு ஒரு முழம் தள்ளி யாரோ நிற்பதை உடம்பு உணர்ந்தது. நிமிர்ந்து பார்க்கவில்லை. மறுபடி கீழே வந்தேன். அமுக்குங்க. பிடிங்க. விடுங்க. ஒவ்வொரு சுற்றுக்கும் கறுப்பு குறைந்தது. ஏழாவது சுற்றில் டியூபில் ஒரே ஒரு பெரிய குமிழ் வந்தது. மெதுவாக, யாரோ அடக்கி வைத்திருந்த மூச்சை விடுவது போல நகர்ந்து, புட்டிக்குள் போய் உடைந்தது. அதன் பின்னால் வந்த ஆயில் சுத்தமாக, தேன் நிறத்தில் இருந்தது.

நிப்பிளை இறுக்கினேன்.

"வேலை முடிஞ்சுடுச்சுண்ணே. நல்லாப் பிடிச்சீங்க. போதும். விட்டுடுங்க."

ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு லிவர், அவசரமில்லாமல், தன் இடத்துக்குத் திரும்பியது. தரையின் அதிர்வு நின்றது. புகை நெடி இருந்த இடத்தில் வெறும் மழை வாசனை வந்தது.

அமுக்கிப் பார்த்தேன். கல். சாயங்காலம் வரைக்கும் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை அமுக்கினேன். கல்லாகவே இருந்தது. ஷட்டர் ஒற்றை விரலுக்கே ஏறி இறங்கியது. சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு டாக்டர் போன் செய்தார். "என்னங்க பண்ணினீங்க? இப்படி ஒரு பிரேக்கை நான் தொட்டதே இல்ல!" பின்னால் ஒரு குழந்தை அப்பா அப்பா என்று கத்துவது கேட்டது. நான் பந்தாவாக ஏதோ சொல்லிப் போனை வைத்தேன். அன்று முழுக்க மனசு நிறைவாக இருந்தது. ஒருவருக்காவது சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டோம் என்று இருந்தது.

அன்று சாயங்காலம் விளக்கு போடும் நேரத்துக்கு வீடு திரும்பினேன். ஸ்கூட்டரை முன் அறையில் நிறுத்தி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். திரும்பி வரும்போது முன் அறைச் சுவர் சிவப்பாக இருந்தது.

ஸ்கூட்டரின் பிரேக் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சாவி என் பையில்தான் இருந்தது. இடது பக்கத்து பிரேக் லிவர் கைப்பிடியோடு அமுங்கியிருந்தது. பேட்டரியின் ஒயரைக் கழற்றினேன். விளக்கு அணையவில்லை.

நான் மெதுவாகப் பக்கத்தில் போனேன். புகை வாசனை துளியும் இல்லை.

சலவைத் தூள் வாசனை.

"வந்துட்டேன்" என்றேன். அதற்கு மேல் சொல்லவேண்டிய சொல் எது என்று எனக்கு நன்றாகத் தெரியும். முந்தின நாள்தான் ஒரு வேற்று மனுஷருக்கு வாய் நிறையச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். ஆனால் அதைச் சொல்லிவிட்டால் அறை இருட்டாகிவிடும். டம்ளர் மறுபடி வைத்த இடத்திலேயே இருக்கும்.

நான் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு நடந்ததையெல்லாம் அவளிடம் சொன்னேன்.

ஐந்து மாதம் ஆகிறது. அந்த ஸ்கூட்டரை நான் எடுப்பதில்லை, பஸ்ஸில் போய் வருகிறேன். வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்கு வந்துவிடுகிறேன். எனக்காக விளக்கு எரிகிற வீடு.

இரண்டு நாளாக அந்த வெளிச்சம் லேசாக நடுங்குகிறது. அவள் கை ஓய்ந்துவிட்டது, பார்த்தாலே தெரிகிறது.

நாளைக்குச் சொல்லிவிடுவேன்.